இலை ஊதும் மெஷினும் உங்கள் உடம்பும்



உடல் நலப் பகுதியில் மெஷினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. முதுகில் மாட்டி இலை ஊதும் மெஷின் மற்ற மெஷின்களைப் போல் ஒரு மூலையில் நின்று ஓடுவதில்லை. அது உங்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. அதன் சத்தம் முதலில் போய்ச் சேருவது உங்கள் காதுக்கு. அதன் புகை உங்கள் மூக்குக்கு. அதன் நடுக்கம் உங்கள் கைக்கும் தோளுக்கும். ஆகவே மெஷினில் உண்டாகும் கோளாறு கொஞ்ச நாளில் உடம்புக் கோளாறாக மாறிவிடுகிறது. மெஷினைப் பழுது பார்ப்பது முதலாளியின் சொத்தைக் காப்பாற்றும் வேலை மட்டுமல்ல, உங்கள் உடம்பைக் காப்பாற்றும் வேலையும் ஆகும். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

நமக்குப் புதியதல்ல

பாயான் லெப்பாஸ் வட்டாரத்தை நம் பெரியவர்கள் வயலும் தென்னையும் ரப்பருமாகப் பார்த்திருக்கிறார்கள். சுங்கை ஆராவில் இன்றும் நடக்கும் தமிழ்ப்பள்ளி, நம் மக்கள் இங்கே வேரூன்றியதற்குச் சாட்சி. 1972-ல் தடையற்ற வாணிப வட்டாரம் இங்கே அமைந்தது. வயல் இருந்த இடத்தில் தொழிற்சாலைகள் எழும்பின. தொழிற்சாலையைச் சுற்றிப் புல்தரை, சாலையோரத்தில் அங்சானா, தூங்குமூஞ்சி மரங்கள். மரம் இருந்தால் இலை விழும்; இலை விழுந்தால் அள்ள ஆள் வேண்டும். விளக்குமாறு இருந்த கையில் இப்போது மெஷின்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த மெஷினின் அண்ணனைத் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது வெள்ளைப் பூசணம் பிடிக்கும். அதற்குக் கந்தகத் தூளை மெஷின் வைத்து ஊதினார்கள். முதுகில் மாட்டி மருந்து அடிக்கும் மெஷினும் இந்த இலை ஊதும் மெஷினும் ஒரே குடும்பம். சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சின், அதோடு ஒரு காற்றாடி, ஒரு நீண்ட குழாய், அவ்வளவுதான். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி மருந்து மெஷினுக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் பொருந்தும். தோட்டத்தில் இருப்பவர்களும் படியுங்கள்.

முதலில் காது

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் சுமார் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பதுதான் எல்லை. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகக் குறையும். 88-ல் 4 மணி நேரம். 91-ல் 2 மணி. 94-ல் 1 மணி. 97-ல் அரை மணி. 100-ல் வெறும் 15 நிமிடம்!

முதுகில் மாட்டும் பெரிய ஊது மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது, மாட்டியிருப்பவரின் காதில் 100 டெசிபல் அளவுக்குச் சத்தம் விழுவதுண்டு. அதாவது பெரட்டு முடிந்து வேலை தொடங்கி, ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் காதின் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கடன்.

காதுக்குள்ளே மிக நுண்ணிய மயிர் போன்ற உயிரணுக்கள் உண்டு. சத்தத்தை மூளைக்குச் சொல்பவை அவைதாம். தலைமுடி உதிர்ந்தால் முளைக்கும். இவை அழிந்தால் முளைக்கா. இதற்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. முதலில் போவது மெல்லிய உயர்ந்த குரல்கள்: பறவைச் சத்தம், பேரப்பிள்ளையின் பேச்சு. பிறகு கோயில் திருவிழாக் கூட்டத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாது. வீட்டில் டி.வி. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். இரவில் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வலி இல்லாமல் வருவதால் யாரும் கவனிப்பதில்லை.

மெஷினில் பார்க்க வேண்டியது சைலன்சர். அதன் போல்ட்டு தளர்ந்தாலும், தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் சத்தம் ஏறிவிடும். 3 டெசிபல் ஏறினாலே உங்கள் நேரம் பாதி என்பதை மறக்காதீர்கள். தளர்ந்த போல்ட்டை இறுக்குங்கள். ஓட்டை விழுந்த சைலன்சரை டின் தகடு வைத்துக் கம்பியால் கட்டி ஓட்டாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். வேலை அனுமதிக்கும் அளவுக்குத் திராட்டிலைக் குறைத்து வையுங்கள். காய்ந்த இலைக்கு முழு வேகம் தேவையே இல்லை.

மெஷின் நன்றாக இருந்தாலும் காதடைப்பான் வேண்டும். பஞ்சு வைத்துக்கொள்வது பயன் தராது. கைப்பேசியின் பாட்டுக் கருவி காதடைப்பான் ஆகாது. அது சத்தத்தின் மேல் சத்தம். நுரை அடைப்பானைக் கை கழுவிவிட்டு விரலால் மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, அடைப்பானை உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சரியாக மாட்டவில்லை என்று பொருள்.

புகையும் எண்ணெயும்

டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியாக இஞ்சின் எண்ணெய் ஊற்றும் இடம் கிடையாது. பெட்ரோலிலேயே டூ-டி எண்ணெயைக் கலக்க வேண்டும். இந்த இஞ்சினின் குணம், ஊற்றிய கலவையில் ஒரு பங்கை எரிக்காமலே வெளியே தள்ளிவிடும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத நச்சுக் காற்றும், பென்சீன் என்ற பொருளும் உண்டு. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதி செய்யப்பட்டது.

"கொஞ்சம் கூடுதலாக ஊத்தினா இஞ்சினுக்கு நல்லதுதானே" என்று கண்ணளவில் ஊற்றுபவர்கள் அதிகம். கூடினால் புகை கூடும், பிளக் கறுக்கும், சைலன்சர் அடைக்கும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப் போகும். ஆகவே அளந்து ஊற்றுங்கள். 5 லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்கு இது:

50-க்கு 1 என்று மெஷினில் எழுதியிருந்தால் 100 மில்லி.
40-க்கு 1 என்றால் 125 மில்லி.
25-க்கு 1 என்றால் 200 மில்லி.

உங்கள் மெஷினுக்கு எது என்பது எண்ணெய் மூடியின் அருகிலோ கையேட்டிலோ இருக்கும். தனி டின்னில் பாதி பெட்ரோல், பிறகு எண்ணெய், நன்றாகக் குலுக்கி மீதி பெட்ரோல். மெஷினின் டாங்கிக்குள்ளேயே கலக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கலவையை ஓட்டாதீர்கள்.

அடுத்தது காற்று பில்டர். இஞ்சின் மூச்சு விடுவது இதன் வழியாகத்தான். அடைத்துப் போனால் பெட்ரோல் சரியாக எரியாமல் கரும்புகை வரும். நுரை பில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். காகித பில்டரைக் கழுவாதீர்கள். மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்தால் போதும், கிழிந்தால் மாற்ற வேண்டும்.

ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் இதை வைத்து இலை ஊதக் கூடாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் வெயில் என்று எண்ணி அசட்டையாக இருக்காதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டுத் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள்.

நடுக்கம், பாரம், தூசு

இஞ்சினுக்கும் முதுகுச் சட்டத்துக்கும் நடுவே ரப்பர்த் துண்டுகளோ ஸ்பிரிங்குகளோ இருக்கும். நடுக்கத்தைத் தாங்குவது அவைதாம். ரப்பர் வெடித்துவிட்டால் நடுக்கம் அப்படியே முதுகுக்கும் கைப்பிடிக்கும் வரும். கை விரல்கள் மரத்துப் போவதும், இரவில் ஊசி குத்துவது போல் இருப்பதும், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவதும் இதன் அடையாளங்கள். குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப் போவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். நம் வெப்ப நாட்டில் அப்படி வெளுப்பது அரிது. ஆகவே மரத்துப் போவதையே முதல் மணியடிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினின் பாரம் 9, 10 கிலோ. தோள்வார் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டு நடக்காதீர்கள். இடுப்பு வார் இருந்தால் கட்டுங்கள். பாரம் இடுப்புக்கு இறங்கும்.

குழாய் வாயில் காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். சின்னக் கல்லும் அந்த வேகத்தில் கண்ணைப் பதம் பார்த்துவிடும். கண்ணாடி போடுங்கள். காற்றாடியின் முன்னே இருக்கும் வலை உடைந்திருந்தால் மெஷினைத் தொடாதீர்கள். சட்டை நுனியையும் கூந்தலையும் அது இழுத்துவிடும். பறவை எச்சம் காய்ந்து கிடக்கும் இடத்தை ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்துக் கூட்டி அள்ளுங்கள். தூசு அதிகமான இடத்தில் என்-95 வகை முகக்கவசம் வேண்டும். மூக்கில் கட்டிய கைத்துண்டு நுண்தூசியைத் தடுக்காது.

கோளாறும் கை வைத்தியமும்

எதைத் தொடும் முன்னும் மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். சூடான சைலன்சர் தோலை உரித்துவிடும்.

*ஸ்டார்ட் ஆகவில்லையா?* சுவிட்சைப் பாருங்கள், எண்ணெய் இருக்கிறதா பாருங்கள், ரப்பர்க் குமிழை 5, 6 தடவை அழுத்துங்கள். பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் எண்ணெய் மிஞ்சிவிட்டது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, சோக்கை விலக்கி, பிளக் இல்லாமலே கயிற்றைச் சில தடவை இழுத்து எண்ணெயை வெளியேற்றுங்கள். அப்போது முகத்தைத் துவாரத்துக்கு நேரே வைக்காதீர்கள்; பக்கத்தில் நெருப்பு, சிகரெட் கூடாது. பிளக் காய்ந்தே இருந்தால் எண்ணெய் மேலே ஏறவில்லை. டாங்கிக்குள் குழாய் நுனியில் இருக்கும் சின்ன பில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*பிளக் என்ன நிறம்?* டாக்டர் நாக்கைப் பார்ப்பது போல் பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் இஞ்சின் சுகம். கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது காற்று பில்டர் அடைப்பு. வெளுத்துப் போயிருந்தால் இஞ்சின் மிகவும் சூடாகிறது. உடனே நிறுத்திப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். பிளக்கின் இடைவெளி பெரும்பாலான மெஷின்களுக்கு 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர், கையேட்டில் உள்ள அளவே கடைசி வார்த்தை.

*ஸ்டார்ட் ஆகி நின்றுவிடுகிறதா?* டாங்கி மூடியில் மூச்சு விடும் சின்னத் துவாரம் உண்டு. அது அடைத்தால் எண்ணெய் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுதான் காரணமென்றால் மூடியைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். தளர்த்தியபடியே ஓட்டினால் பெட்ரோல் முதுகில் வழியும்.

*இழுவை குறைந்துவிட்டதா?* காற்று பில்டரைப் பாருங்கள். பிறகு சைலன்சர் வாயில் உள்ள சின்ன வலையைப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். அந்த வலை தீப்பொறியைத் தடுப்பது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் காய்ந்த இலைக்கு நடுவே நடப்பது, சட்டைப் பையில் கொள்ளியை வைத்துக்கொள்வது போல.

*கயிறு இழுபடவே இல்லையா?* பலங்கொண்டு இழுக்காதீர்கள். காற்றாடி சிக்கியிருக்கலாம், பிஸ்டன் இறுகியிருக்கலாம். இதுவும், கார்புரேட்டர் திருகாணியும், காற்றாடியில் விரிசலும் பட்டறைக்கு உரிய வேலைகள். கார்புரேட்டர் திருகாணியைத் தோன்றியபடி திருப்பினால் வேகமும் சூடும் ஏறி இஞ்சின் போய்விடும்.

இஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளில் இலைத் தூள் அடைந்திருந்தால் உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். மாதக் கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கவனத்துக்கு

தாய்மார்களே, இது உங்களுக்கு. மீதி எண்ணெயை மினரல் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. டூ-டி எண்ணெய் கலந்த பெட்ரோல், பார்வைக்குச் சர்பத் போல நிறமாக இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோலுக்கு உரிய டின்னில் மட்டும், பூட்டிய இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள்.

யாராவது பெட்ரோலைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், முட்டை எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தியில் மேலே வரும் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 999-ஐ அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதே காரணத்தால் பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்கவும் கூடாது.

சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப்பு, நெய் எதுவும் பூச வேண்டாம். பெட்ரோல் நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்; அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழுது பார்ப்பது தொழிலாளியின் கெட்டிக்காரத்தனம். பழுதில்லாத மெஷினைக் கொடுப்பது முதலாளியின் கடமை. இரண்டையும் குழப்பக் கூடாது.

1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலை இடங்களுக்கும் பொருந்துகிறது. கண்டிராக்டரிடம் வேலை செய்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. இந்தச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமான்களுக்குச் சம்பளத்தில் வெள்ளி பிடிக்கக் கூடாது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் அதில் இருக்கிறது.

சத்தத்துக்குத் தனி விதிமுறைகள் 2019-ல் வந்தன. ஒரு நாள் சராசரி 85 டெசிபலைத் தாண்டும் வேலையில் இருப்பவருக்குக் காதடைப்பானும், காது கேட்கும் திறன் சோதனையும் முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும்.

வேலைச் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை, சொக்சோவின் 1969-ம் ஆண்டுச் சட்டத்தில் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் வந்துவிட்டார்கள். ஆகவே உங்களோடு வேலை செய்யும் நேப்பாளி, வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். காது மந்தமானால் டாக்டரிடம், "நான் இத்தனை ஆண்டு இந்த மெஷினில் வேலை செய்கிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வயதுக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரம் 2022 முதல் பெட்ரோல் ஊது மெஷின்களைத் தடை செய்துவிட்டது. கலிபோர்னியா மாநிலம் 2021-ல் இயற்றிய சட்டத்தைக் கொண்டு, 2024 மாடல் முதல் இத்தகைய புதிய சின்ன இஞ்சின்கள் புகை கக்கக் கூடாது என்று விதித்துவிட்டது. பேட்டரி மெஷினில் புகை இல்லை, சத்தமும் குறைவு. கண்டிராக்டு புதுப்பிக்கும் நேரத்தில் கமிட்டியின் வழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய கோரிக்கை இது.

சில சந்தேகங்கள்

*சத்தம் பழகிப் போச்சு, இப்போ தொந்தரவு இல்லை. அப்படியானால் நல்லதுதானே?*
இல்லை. காது பழகுவதில்லை, கேட்பதுதான் குறைந்துவிட்டது. உடனே சோதனை செய்துகொள்ளுங்கள்.

*வேலை முடிந்ததும் பால் குடித்தால் புகை நஞ்சு முறியுமா?*
முறியாது. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பால் நல்ல உணவு, அவ்வளவுதான். காற்று வரும் திசையில் முதுகைக் காட்டாமல், புகை உங்களை விட்டு விலகிப் போகும்படி நின்று ஊதுவதே மருந்து.

*மண்டோர் "நேரமில்லை, அப்படியே ஓட்டு" என்கிறார். என்ன செய்வது?*
கோளாறை நாள், தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மண்டோரிடம் காட்டுங்கள். நடக்காவிட்டால் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

வெட்டி எடுத்து ஸ்டோர் கதவில் ஒட்டுங்கள்

1. சைலன்சர் போல்ட்டு இறுக்கமா? ஓட்டை இல்லையா?
2. பெட்ரோல் குழாய், மூடி, டாங்கியில் கசிவு இல்லையா?
3. காற்று பில்டர் சுத்தமா?
4. காற்றாடி வலை முழுசாக இருக்கிறதா?
5. நடுக்கம் தாங்கும் ரப்பர் வெடிக்கவில்லையா? தோள்வார் சரியா?
6. காதடைப்பான், கண்ணாடி, முகக்கவசம் இருக்கிறதா?
7. எண்ணெய் ஊற்ற மெஷினை நிறுத்தி ஆறவிட்டோமா? ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வந்து ஸ்டார்ட் செய்கிறோமா?

பெரட்டு முடிந்து புறப்படும் முன் இதற்கு 5 நிமிடம் போதும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். மெஷின் பழுதானால் வேறு மெஷின் வாங்கலாம். காது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.